கலிஃபோர்னியாவில் வேலை போய்விட்டதா? அன்எம்ப்ளாய்மென்ட் விண்ணப்பம் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கம் வேலை இழந்த தமிழர்கள் சிலருக்கு, அன்எம்ப்ளாய்மென்ட் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதவி வருகிறேன். நான் வக்கீல் அல்ல. அரசு ஊழியரும் அல்ல. எனக்கும் ஒரு தடவை வேலை போனது, அப்போது கற்றுக்கொண்டதும் பிறகு பலரோடு உட்கார்ந்து பார்த்ததும்தான் இங்கே இருக்கிறது. அன்எம்ப்ளாய்மென்ட் என்பது வேலை இழந்தவர்களுக்கு வாரக் கணக்கில் கிடைக்கும் பணம். கலிஃபோர்னியாவில் இந்தத் தொகையைக் கையாள்வது இ.டி.டி. என்று எல்லோரும் சொல்லும் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை. கீழே இருப்பதெல்லாம் அதன் விதிகள். மற்ற மாநிலங்களில் தொகையும் கெடுவும் மாறும்.

வேலை போய் மூன்று நாள்தான் ஆகிறது. எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்த வாரமே. முடிந்தால் இன்றைக்கே.

நீங்கள் எந்த வாரத்தில் விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் இருந்துதான் உங்கள் க்ளெய்ம், அதாவது பணக் கோரிக்கை, தொடங்கும். வேலை போன நாளில் இருந்து அல்ல. அதற்கு முந்தைய வாரங்களைக் கேட்க வேண்டுமானால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். "வேறு வேலை சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்" என்பதைக் காரணமாக ஏற்றுக்கொள்வது அரிது. நான் அப்படித்தான் மூன்று வாரம் காத்திருந்தேன். இரண்டு இன்டர்வியூ நன்றாகப் போயிருந்தது, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். இரண்டும் கைகூடவில்லை. அந்த மூன்று வாரப் பணம் போனது போனதுதான்.

இன்னொன்று. தகுதி பெறும் முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, அது காத்திருப்பு வாரம். அதைக் கழித்துவிட்டுத்தான் பணம் வரத் தொடங்கும். ஆகவே அந்த வாரம் எவ்வளவு சீக்கிரம் கழிகிறதோ அவ்வளவு நல்லது.

இது அரசு கொடுக்கும் உதவிதானே? கை நீட்டி வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பாதிப் பேர் தாமதிப்பதற்கு இதுதான் காரணம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இது காப்பீடு. 1930களின் பெரும் பொருளாதாரச் சரிவில் லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வேலை இழந்தபோது, 1932இல் விஸ்கான்சின் மாநிலம் முதன்முதலில் இதற்குச் சட்டம் போட்டது. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக்கியது. கலிஃபோர்னியாவில் ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுச் சம்பளத்தின் முதல் 7,000 டாலருக்கு நிறுவனம் இதற்கென வரி கட்டுகிறது. நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்காகக் கட்டப்பட்ட பணம் அது. வீட்டுக்கு நெருப்புக் காப்பீடு எடுத்தவர், நெருப்புப் பிடித்த பிறகு பணம் கேட்கக் கூச்சப்படுவாரா?

சம்பளச் சீட்டில் சி.ஏ.எஸ்.டி.ஐ. என்று ஒரு பிடித்தம் பார்த்திருப்பீர்கள். பலர் அதுதான் இது என்று நினைக்கிறார்கள். அது வேறு. உடல்நலக் குறைவு, பிரசவம், குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ளும் விடுப்பு ஆகியவற்றுக்கானது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

வழக்கமாகக் கிடைக்காது. வருத்தமான பதில்தான், ஆனால் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. பணம் பெற வேண்டுமானால் எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் உடனே வேலைக்குப் போகச் சட்டப்படி இயல வேண்டும். எச்-1பி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் சலுகைக் காலம்தான், அதற்குள் இன்னொரு நிறுவனம் மனு போட வேண்டும் அல்லது விசா நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு முதல் வேலை, குடிவரவு வக்கீல் ஒருவரிடம் பேசுவது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், குடியுரிமை பெற்றவர்கள், எச்-4 ஈ.ஏ.டி. (எச்-1பி ஊழியரின் கணவனுக்கோ மனைவிக்கோ கிடைக்கும் வேலை அனுமதி அட்டை), கிரீன் கார்டு மனு நிலுவையில் இருப்பதால் கிடைத்த ஈ.ஏ.டி. என்று எங்கும் வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அட்டை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கிய காலத்திலும் வேலை அனுமதி இருந்திருக்க வேண்டும், பணம் கோரும் வாரங்களிலும் இருக்க வேண்டும். எச்-4 ஈ.ஏ.டி. புதுப்பித்தல் தாமதமானவர்கள் இதைக் கவனியுங்கள். அட்டை இல்லாத வாரங்களுக்குப் பணம் கேட்கக் கூடாது.

"இதை வாங்கினால் பின்னால் கிரீன் கார்டுக்குப் பிரச்சினையாகுமா?" என்றும் கேட்கிறார்கள். அன்எம்ப்ளாய்மென்ட் உழைத்துச் சம்பாதித்த உரிமையாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது, பப்ளிக் சார்ஜ், அதாவது அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று பார்க்கும் கணக்கில் அதைச் சேர்த்ததில்லை. குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுவதால், மனு நிலுவையில் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு வரும்?

குறைந்தது 40 டாலர், அதிகபட்சம் 450. நீங்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் சம்பாதித்திருந்தாலும் 450தான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி வாடகைக்கு இது எந்த மூலைக்கு என்று தோன்றும். உண்மைதான். ஆனாலும் மளிகைக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் ஆகும்.

கணக்கு இப்படி: நீங்கள் விண்ணப்பிக்கும் மாதத்தைப் பொறுத்து, கடந்த 12 மாதங்கள் கொண்ட ஓர் அடிப்படைக் காலம் எடுக்கப்படும். ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விண்ணப்பித்தால் போன ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜூலை முதல் செப்டம்பருக்குள் என்றால் போன ஆண்டு ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மார்ச் வரை. அந்த நான்கு காலாண்டுகளில் எதில் சம்பளம் அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 26ஆல் வகுக்க வேண்டும். ஒரு காலாண்டில் 7,800 டாலர் சம்பாதித்திருந்தால் வாரம் 300. காலாண்டுச் சம்பளம் சுமார் 11,700ஐத் தாண்டிவிட்டால் 450, அதோடு சரி. தகுதி பெற, ஏதாவது ஒரு காலாண்டில் 1,300 டாலராவது சம்பாதித்திருக்க வேண்டும். அல்லது ஒரு காலாண்டில் 900 டாலராவது வாங்கி, நான்கு காலாண்டும் சேர்த்து அதன் ஒன்றேகால் மடங்கு வர வேண்டும். வழக்கமான காலங்களில் அதிகபட்சம் 26 வாரம்.

விண்ணப்பிக்க உட்காரும் முன் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், வேலை அனுமதி அட்டை அல்லது கிரீன் கார்டு. கடந்த 18 மாதத்தில் வேலை பார்த்த எல்லா இடங்களின் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாங்கிய மொத்தச் சம்பளம். கடைசிச் சம்பளச் சீட்டு. வேலையை விட்டு அனுப்பிய கடிதம்.

கடைசி நிறுவனம் என்று கேட்கும் இடத்தில் உண்மையிலேயே கடைசியாக வேலை பார்த்த இடத்தைப் போடுங்கள். பெரிய வேலை போனபின் நண்பர் கடையில் நாலு நாள் பில் போட்டுச் சம்பளம் வாங்கியிருந்தால், கடைசி நிறுவனம் அந்தக் கடைதான். நிறுவனத்தின் பெயரைச் சம்பளச் சீட்டில் அல்லது டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் அச்சாகியிருப்பதுபோலவே எழுதுங்கள். கடை வாசல் பலகையில் ஒரு பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும்.

பெயரில் சிக்கல். அடையாளச் சரிபார்ப்பு நின்றுவிட்டது. என்ன செய்வது?

நம்மவர்களுக்கு மற்ற எல்லாரையும்விட அதிகமாக வரும் தொல்லை இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தை முன்னால் போட்டு எழுதிப் பழகியவர்கள். இங்கே வந்தபின் அந்த ஓர் எழுத்து நாலு இடத்தில் நாலு விதமாக விரிகிறது.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் ஐந்து வருடம் கேஷியராக இருந்தவர். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அதனால் விசாவில் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிட்டது, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்து, முன்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஓட்டுநர் உரிமத்தில் அவர் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருந்தன. சம்பளச் சீட்டில் அப்பா பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக இருந்தது. நாலு ஆவணத்தையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். "நாலு பேருக்குப் பணம் கேக்கற மாதிரி இருக்கேப்பா" என்றார்.

செய்தது இவ்வளவுதான். விண்ணப்பத்தில் பெயரை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி போட்டோம், அதுதான் சம்பளப் பதிவோடு ஒத்துப்பார்க்கும் ஆதாரம். வேலை பார்த்தபோது பயன்படுத்திய வேறு பெயர்கள் எவை என்று விண்ணப்பத்தில் ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்கு என்று நினைத்துக் காலியாக விடுகிறார்கள். விடாதீர்கள். இடம் மாறிய பெயர், ஒட்டிய பெயர், இனிஷியலோடு இருக்கும் பெயர் எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஐடி.மீ என்ற சேவை வழியாக அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும். உரிமத்தைப் படம் எடுத்து, உங்கள் முகத்தையும் படம் எடுக்க வேண்டும். அது தோற்றால் வீடியோ அழைப்பில் ஓர் ஆள் வருவார், அவரிடம் ஆவணங்களைக் காட்டலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் இ.டி.டி. கேட்கும் ஆவணங்களை நேரடியாக அதன் கணக்கில் பதிவேற்றலாம். அவர்கள் அனுப்பும் கடிதத்தில் ஒரு கெடு போட்டிருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். அக்காவுக்கு ஐந்து வாரம் ஆனது, ஆனால் விண்ணப்பித்த வாரத்தில் இருந்தே கணக்கிட்டுப் பணம் வந்தது.

நேரம் கிடைக்கும்போது எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே செய்தால் இன்னும் நல்லது.

வேலை போன காரணத்துக்கு என்ன எழுதுவது?

நடந்ததை எழுதுங்கள், இரண்டே வரியில். ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு. கோபத்தையெல்லாம் அங்கே கொட்ட வேண்டாம்.

வேலை சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றால் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தவறு. முயன்றும் எதிர்பார்த்த அளவு செய்ய முடியாமல் போவது வேறு, வேண்டுமென்றே விதியை மீறுவது வேறு. இரண்டாவதுதான் தகுதியைப் பறிக்கும். "நீங்களே ராஜினாமா செய்யுங்கள், இல்லையென்றால் நாங்கள் நீக்குவோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதைத் தானாக விலகியதாக எழுதாதீர்கள். அப்படித்தான் சொன்னார்கள் என்று எழுதுங்கள். வேறு வழியில்லாத விலகலை கலிஃபோர்னியாவில் நீக்கமாகவே பார்ப்பார்கள். நீங்களாகவே விலகியிருந்தாலும், உடல்நலம், வேலை இடத்தில் ஆபத்து, துன்புறுத்தல், கணவனோ மனைவியோ வேறு ஊருக்கு மாறியது போன்ற வலுவான காரணம் இருந்தால் கிடைக்க வாய்ப்புண்டு.

நிறுவனத்துக்கும் ஒரு நோட்டீஸ் போகும். ஊழியர்கள் பணம் பெறப்பெற நிறுவனத்தின் வரி விகிதம் ஏறலாம், அதனால் சிலர் மறுத்து எழுதுவார்கள். அப்போது உங்களையும் தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

அந்த விசாரணை அழைப்பில் எப்படிப் பேசுவது?

தேதியும் நேரமும் கடிதத்தில் வரும். தொலைபேசித் திரையில் இ.டி.டி.யின் எண்ணோ மாநிலத்தின் பெயரோ தெரியலாம். தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டேன் என்று இருப்பவர்கள் அன்று ஒரு நாள் எடுத்துவிடுங்கள். நடந்ததைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

வேலையை விட்டு அனுப்பும்போது செவரன்ஸ் என்று ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள். அது தீர்ந்தபின் விண்ணப்பித்தால் போதுமா?

வேண்டாம், இப்போதே விண்ணப்பியுங்கள். கலிஃபோர்னியாவில் செவரன்ஸ் தொகை பொதுவாக வாராந்தரப் பணத்தைக் குறைப்பதில்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது, அது குறைக்கும். இரண்டில் எது என்பது உங்கள் கடிதத்தில் இருக்கும் வாசகத்தைப் பொறுத்தது. அதனால் வாங்கியதை மறைக்காமல் அப்படியே எழுதி, கணக்குப் பார்ப்பதை அவர்களிடம் விடுங்கள்.

இதோடு மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். கோப்ரா மூலம் பழைய காப்பீட்டைத் தொடர்வதா, கவர்ட் கலிஃபோர்னியா என்ற மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் புதிதாக எடுப்பதா என்று முடிவெடுக்க இரண்டுக்குமே 60 நாள் அவகாசம். கோப்ரா விலையைப் பார்த்துத் திகைத்து எதையும் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதோ கேள்வி வருகிறதே?

அதுதான் சர்ட்டிஃபை செய்வது. விண்ணப்பித்துவிட்டால் பணம் தானாக வந்துகொண்டிருக்கும் என்று நினைத்து, இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் பதில் சொன்னால்தான் அந்த இரண்டு வாரப் பணம் வரும். இணையத்திலோ தொலைபேசியிலோ தபாலிலோ செய்யலாம்.

கேள்விகள் சுலபமாகத் தோன்றும். உடம்பு சரியில்லாமல் இருந்தீர்களா? வேறு ஏதாவது காரணத்தால் முழுநேர வேலையை ஏற்க முடியாமல் இருந்ததா? வேலை தேடினீர்களா? வந்த வேலையை மறுத்தீர்களா? பள்ளியிலோ பயிற்சியிலோ சேர்ந்தீர்களா? வேலை செய்தீர்களா, பணம் சம்பாதித்தீர்களா? இவற்றில் சிலவற்றுக்கு 'ஆம்' சரியான பதில், சிலவற்றுக்கு 'இல்லை' சரியான பதில். வேகவேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டிவிட்டுப் போனவருக்குப் பணம் நின்றது, விசாரணை வந்தது. ஒவ்வொன்றையும் படித்து, அந்த வாரத்துக்கு எது உண்மையோ அதைச் சொல்லுங்கள்.

வேலை தேடியதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நிறுவனம், என்ன வேலை, எப்படி விண்ணப்பித்தீர்கள், என்ன பதில். கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். கால்ஜாப்ஸ் என்ற மாநில வேலைதேடல் தளத்தில் பதிவு செய்து ரெஸ்யூமே ஏற்றும்படியும் சொல்வார்கள், அதையும் முடித்துவிடுங்கள்.

இந்த இடைவெளியில் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா?

போய் வாருங்கள். அந்த வாரங்களுக்குப் பணம் கேட்காதீர்கள், அவ்வளவுதான். மதுரையில் இருந்துகொண்டு இங்கே நாளைக்கே வேலைக்கு வரத் தயார் என்று சொல்ல முடியாது. முழுநேர வேலையை ஏற்க முடியாமல் இருந்ததா என்ற கேள்விக்கு, ஆம், வெளிநாட்டில் இருந்தேன் என்று பதில் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் க்ளெய்மைத் தொடரலாம்.

நீங்கள் ஊரில் இருக்கும்போது இங்கிருக்கும் நண்பரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துத் தட்டச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பொய் சொல்லிப் பணம் வாங்கியதாக முடிவானால், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதோடு 30 சதவீதம் அபராதம், கூடவே 23 வாரம் வரை பணம் நிறுத்தமும் வரலாம். குடியுரிமை, கிரீன் கார்டு மனு வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி.

கிடைத்த சின்ன வேலையைச் செய்தால் பணம் மொத்தமாக நின்றுவிடுமா?

நிற்காது, குறையும். வாரச் சம்பாத்தியத்தில் 25 டாலர் அல்லது கால்பங்கு, இரண்டில் எது அதிகமோ அதை விட்டுவிடுவார்கள். மிச்சத்தை உங்கள் வாரப் பணத்தில் கழிப்பார்கள். வாரம் 300 வரும் ஒருவர் 200 டாலர் சம்பாதித்தால், 50ஐ விட்டு 150 கழியும், கைக்கு 150 வரும். 80 டாலர் சம்பாதித்தால் 25ஐ விட்டு 55 கழியும், 245 வரும். கழித்த தொகை வீணாவதில்லை, மொத்தக் கணக்கில் மிச்சமிருக்கும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று. சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் கணக்குக் காட்டுவது. காட்ட வேண்டியது உழைத்த வாரத்தில், அதுவும் பிடித்தம் போகுமுன் உள்ள முழுத் தொகை. மணிக்கணக்கைப் பெருக்கிப் பார்த்து எழுதுங்கள்.

ஊபர், டோர்டாஷ் போன்றவற்றை மட்டுமே ஓட்டியவர்களுக்கு வழக்கமான திட்டத்தில் இடம் கிடைப்பது கடினம். கொரோனா காலத்தில் இருந்த தனிச் சலுகை 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் உங்களை ஊழியராக நடத்திவிட்டுக் காகிதத்தில் மட்டும் காண்ட்ராக்டர் என்று எழுதியிருந்தால் விண்ணப்பியுங்கள், இ.டி.டி. விசாரித்து முடிவு செய்யும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் உதவி கிடைக்குமா?

இணையத்தளத்தில் தமிழ் இல்லை. ஆனால் 1-800-300-5616 என்ற எண்ணில் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இலவசம். "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், இணைப்பில் ஒருவரைச் சேர்ப்பார்கள். சில நேரம் காத்திருக்க வேண்டும், சில நேரம் இன்னொரு நாள் கூப்பிடச் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். காலையில் லைன் திறந்ததும் கூப்பிடுவது நல்லது.

மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லலாம், தட்டச்சும் செய்யலாம். பதில் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். நான் உதவும்போது கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு அவர்கள் வாயால் பதில் வரும்வரை காத்திருப்பேன். "நீங்களே பாத்துப் போட்டுடுங்க தம்பி" என்பார்கள். போடவே மாட்டேன். பின்னால் விசாரணையில் பேசப்போவது அவர்கள்தான்.

நேரில் உதவி வேண்டுமானால் உங்கள் கவுண்டியில் இருக்கும் அமெரிக்காஸ் ஜாப் சென்டருக்குப் போகலாம். கணினியும் தொலைபேசியும் இருக்கும், ரெஸ்யூமே எழுதவும் உதவுவார்கள். பல பொது நூலகங்களிலும் கணினி, ஸ்கேனர் கிடைக்கும். சட்டச் சிக்கல் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் லீகல் எய்ட் அட் வொர்க், சாக்ரமென்டோவில் சென்டர் ஃபார் வொர்க்கர்ஸ் ரைட்ஸ் ஆகியவை வேலை இழந்தவர்களுக்கு இலவச ஆலோசனை தருகின்றன.

பல வாரமாக எந்தப் பதிலும் இல்லை, கூப்பிட்டாலும் பயனில்லை என்றால் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினர் அல்லது மாநில செனட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். இதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களே இ.டி.டி.யிடம் கேட்பார்கள். நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நாமெல்லாம் போய்க் கேட்கலாமா என்று தயங்காதீர்கள்.

காசு கொடுத்தால் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை அண்ட விடாதீர்கள். விண்ணப்பிக்க ஒரு சென்ட் கட்டணம் இல்லை. குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பி உங்கள் கணக்கை உறுதிசெய்யச் சொன்னால் அதைத் தொடாமல், நீங்களே தளத்தின் முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

கடிதம் வந்தது. தொகை பூஜ்யம் என்று போட்டிருக்கிறது!

பயப்பட வேண்டாம். அந்தக் கடிதத்தில் காலாண்டு வாரியாக நிறுவனத்தின் பெயரும் சம்பளமும் இருக்கும். ஒன்று சம்பளம் பதிவாகாமல் இருக்கும், அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், அல்லது பெயர்ச் சிக்கல். டபிள்யூ-2, சம்பளச் சீட்டு நகல்களோடு திருத்தம் கேளுங்கள். தொகை சரியாக இருந்தாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள், ஒரு காலாண்டு விடுபட்டிருந்தால் உங்கள் பணம் குறையும்.

தகுதியில்லை என்று முடிவு வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. கடிதத்தில் உள்ள தேதியில் இருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கூடவே வரும் படிவத்தில் "இந்த முடிவை ஏற்கவில்லை, காரணம் இது" என்று நாலு வரி எழுதினால் போதும். வழக்கு அப்பீல் போர்டுக்குப் போகும். அங்கே ஒரு நீதிபதி, பெரும்பாலும் தொலைபேசியிலேயே, உங்களையும் நிறுவனத்தையும் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் இலவசம், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, கடிதம் என்று கையில் இருப்பதை முன்னரே அனுப்புங்கள்.

மேல்முறையீடு நடக்கும் காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்ட்டிஃபை செய்வதை நிறுத்தாதீர்கள். ஜெயித்தால், சர்ட்டிஃபை செய்த வாரங்களுக்குத்தான் பணம் வரும். கோர்ட்டு, கேஸு என்று நினைத்துப் பலர் இங்கே பின்வாங்குகிறார்கள். நான் கூட இருந்து பார்த்த விசாரணை ஒன்று அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நீதிபதி பொறுமையாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்ட போனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்கள். முடிவு அவர்கள் பக்கம் வந்தது.

வீடு கலிஃபோர்னியா, நிறுவனம் டெக்சாஸ். எங்கே விண்ணப்பிப்பது?

பொதுவாக நீங்கள் உட்கார்ந்து வேலை பார்த்த மாநிலத்தில். வீட்டில் இருந்து வேலை செய்திருந்தால் கலிஃபோர்னியா. இரண்டு மாநிலங்களில் சம்பளம் வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே க்ளெய்மாகக் கேட்க வழி இருக்கிறது, விண்ணப்பத்தில் வேறு மாநில வேலையை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

புது வேலை கிடைத்துவிட்டது! யாரிடம் சொல்ல வேண்டும்?

மகிழ்ச்சி. முழுநேர வேலை தொடங்கிய வாரத்தில் சம்பாதித்ததை அடுத்த சர்ட்டிஃபிகேஷனில் காட்டுங்கள், முதல் சம்பளம் இன்னும் வராவிட்டாலும். அதன்பிறகு சர்ட்டிஃபை செய்ய வேண்டியதில்லை. க்ளெய்ம் ஓராண்டு வரை உயிரோடு இருக்கும், அதற்குள் மறுபடி வேலை போனால் மிச்சத் தொகைக்குத் திரும்பத் திறக்கலாம்.

அடுத்த ஜனவரியில், வாங்கிய பணத்தை வரிக்காகக் காட்டும் 1099-ஜி என்ற படிவம் வரும். வாங்கிய பணத்துக்குக் கலிஃபோர்னியா வரி போடாது, மத்திய அரசு போடும். பணம் வாங்கும்போதே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் ஏப்ரலில் சுமை குறையும். பிடிக்கச் சொல்லவில்லை என்றால் இப்போதே கொஞ்சம் எடுத்து வையுங்கள். வீடு மாறினால் புது முகவரியை இ.டி.டி. கணக்கில் மாற்றிவிடுங்கள், அந்தப் படிவம் பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது.